றஜனி (அமெரிக்கா)

குருநகர்
2025 பெப்ரவரி 9

அக்கா,

சுகம் விசாரிக்க வட்ஸ்அப் இருக்கிறது. இது வேறு விஷயம். போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் கத்திவிட்டு வைத்துவிடுவேன், ஒன்றும் முடிவுக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் போடு.

உன் கம்பனி லப்டொப்பை இணைத்து வைத்தாகிவிட்டது. எஞ்சின் வைக்கிற அறையில், ஹோலுக்குப் போகிற கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. அப்பா கடலுக்குப் போவதை விட்டபிறகு அந்த எஞ்சினை ஒருவரும் தொடுவதில்லை, ஆனாலும் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. லப்டொப்புக்கு மூக்கில்லை, பரவாயில்லை. அதற்கும் ரவுட்டருக்கும் தனி பற்றரி போட்டிருக்கிறேன். கரண்ட் போனாலும் பின்னேரம் வரைக்கும் தாங்கும். உன் பழைய சிம் என்னிடம் இருக்கிறது. கம்பனி அனுப்பும் இரகசிய இலக்கம் வந்தால் உடனே அனுப்புவேன். நீ அங்கிருந்து இந்த லப்டொப்புக்குள் வந்து வேலை செய்வாய், கம்பனிக்குப் போகிற இணைப்பு முழுக்க இங்கிருந்து போகும். டென்மார்க்கில் இருக்கிற உன் கம்பனிக்காரன் எப்படிப் பார்த்தாலும் நீ குருநகரில் இருக்கிறாய்.

நீ கேட்ட வேலை இவ்வளவுதான். இனி நீ கேட்காதது.

உது சரிவராது. கம்பனியோடு நீ வைத்த ஒப்பந்தத்தில், இலங்கைக்குள் இருந்துதான் வேலை செய்யவேண்டும் என்று இருக்கிறது. அத்தானின் தங்கிவாழ்பவராக நீ அமெரிக்காவுக்குப் போன விசாவில், வேலையே செய்யக்கூடாது என்று இருக்கிறது. இரண்டு முனையும் அடைத்த குழாய்க்குள் தண்ணீர் விடுகிறாய். எங்கேயோ ஒரு இடத்தில் ஒழுகும். அப்போது என்னைக் கூப்பிடாதே. ஒன்றில் கம்பனிக்குச் சொல்லு, இல்லாவிட்டால் வேலையை விடு.

அப்பாவுக்கு விளங்கப்படுத்திப் பார்த்தேன்.

"உதிலை ஆர் இருந்து வேலை செய்யிறது?"

"அக்கா."

"அவள் அங்கையெல்லோ?"

"விரல் அங்கை அப்பா. கொம்பியூட்டர் இஞ்சை."

"விசர்க் கதை கதையாதை."

நேற்று மத்தியானம் நீ முதல்முறை உள்ளே வந்தாய். திரையில் அம்புக்குறி தானாக ஓடத் தொடங்கியது. மனுசன் கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் இருந்துவிட்டார். "இராசாத்தி, பிள்ளை வந்திட்டாள்" என்று அம்மாவை வேறு கூப்பிட்டார். நீ வேலை செய்யும்போது இந்தப் பக்கம் திரையை இருட்டாக்கி வைக்கலாம். பாதுகாப்புக்கு அதுதான் சரி. அப்பா விடவில்லை. "மூடாதை. அவள் என்ன செய்யிறாள் எண்டு எனக்குப் பாக்கவேணும்" என்கிறார். நீ செய்வதில் ஒரு எழுத்தும் அவருக்கு விளங்காது. கமராவுக்கு மட்டும் பிளாஸ்ரர் ஒட்டிவிட்டேன்.

சுபாஸ்


ரெக்சாஸ்
பெப்ரவரி 12

தம்பி,

நீ எழுதியதில் பிழை ஒன்றும் இல்லை. பிழையில்லாமல் கதைக்கிறவனோடு கதைப்பதுதான் கஷ்டம்.

ஒன்றை மட்டும் கேள். லப்டொப் குருநகரில் இருக்கிறது. சம்பளம் யாழ்ப்பாணத்து வங்கிக்கு வருகிறது. வரியும் அங்கேதான் கட்டுகிறேன். இந்த நாட்டில் ஒருவருடைய வேலையையும் நான் பறிக்கவில்லை. பத்து விரல்தான் இங்கே இருக்கிறது. விரலுக்கும் விசா வேண்டுமா? இவர் ஒரு வக்கீலைக் கேட்டார். "பெரும்பாலும் பிரச்சினை வராது" என்றாராம் அந்த ஆள். அதை எழுதித் தரச் சொன்னால் சிரித்தாராம்.

கம்பனிக்குச் சொல்லு என்று நீ எழுதுகிறாய். சொன்னால் அடுத்த மாதமே வேலை போய்விடும். அதற்குப் பிறகு நான் யார் என்று உனக்குத் தெரியுமா? உன் அத்தானின் கோப்பில் இரண்டாம் பக்கம். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் முதலில் கேட்பது அவருடைய பெயர். பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக்காரி இருக்கிறா, பல் வைத்தியர். ஊரில் சொந்தமாக கிளினிக் வைத்திருந்தவா. இங்கே வந்து ஆறு வருசமாக கேக் போடப் பழகுகிறா. நல்ல கேக்தான். எனக்கு அது வேண்டாம்.

மத்தியானம் உங்களுக்குப் பன்னிரண்டரை ஆகும்போது நான் உள்ளே வருகிறேன். என் மனேஜர் ஹென்றிக் "றஜனி, இதை நீதான் பார்க்கவேண்டும்" என்கிறான். அந்த நேரத்தில் நான் எஞ்சினியர். அதை விடச் சொல்லாதே.

அப்பா முன்னால் இருப்பதென்றால் இருக்கட்டும். திரையை மூடாதே.

அக்கா


ரெக்சாஸ்
யூலை 26

தம்பி,

ஒரு சின்ன உதவி. சிரிக்காமல் வாசி.

எங்கள் கம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். அச்சுவேலிச் சிவதர்ஷனும் நல்லூர்க் கோபிகாவும். வீட்டிலிருந்துதான் வேலை, நேரில் நாங்கள் சந்தித்ததில்லை. நேற்று மீட்டிங் நடந்துகொண்டிருக்க, சிவதர்ஷன் கேட்டான், "அக்கா, இண்டைக்கு உங்கட யாகப்பர் கோயில் திருநாள் எல்லோ? எங்கட சித்தி ஆக்கள் வந்திருக்கினம். ஒரு வெடிச்சத்தத்தையும் காணேல்லை?"

யன்னலைப் பூட்டியிருக்கிறேன் என்று சொன்னேன். "குருநகரிலை யன்னலைப் பூட்டினால் சத்தம் கேக்காதோ? அந்த யன்னலை எங்கை அக்கா வாங்கினனீங்கள்?" என்று கேட்டான். கோபிகா சிரித்தா. நானும் சிரித்தேன். மைக்கை மூடிவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையின் சத்தத்தை ஒரு மணித்தியாலம் அளவுக்குப் பதிந்து அனுப்பு. காகம், மீன்காரரின் ஹோர்ன், கோயில் ஸ்பீக்கர், எது வந்தாலும் சரி. மீட்டிங் நேரத்தில் பின்னால் மெல்லமாக விட்டால் போதும்.

அக்கா


குருநகர்
யூலை 28

அக்கா,

முடியாது.

நெட்வேர்க் படித்தவன் நான். கேபிள் இழுக்கச் சொன்னால் இழுப்பேன். காகத்துக்குப் பின்னால் போனைக் கொண்டு திரியமாட்டேன். சிவதர்ஷன் பகிடிக்குக் கேட்டானா, சந்தேகப்பட்டுக் கேட்டானா என்றே உனக்குத் தெரியவில்லை. அதற்குள் ஒலிப்பதிவு. பொய்யைச் சும்மா விட்டால் அது ஒரு பொய். நீ அதற்குச் சட்டை தைத்துப் போடுகிறாய்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என் போனை எடுத்துக்கொண்டுபோய் மதிலில் வைத்திருக்கிறா. நாற்பது நிமிடம் பதிந்திருக்கிறது. இத்துடன் அனுப்புகிறேன். ஆனால் நடுவில் றீற்றா மாமியும் முன்வீட்டுக்காரரும் தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சொற்கள் எல்லாம் தெளிவாய்க் கேட்கிறது. அதைப் போட்டால் சிவதர்ஷன் நம்புவான். டென்மார்க்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேடவேண்டிவரும்.

இப்போது முக்கியமானது. அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடிவிட்டது. போன கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிசையைக் கூட்டியிருக்கிறார்கள். டொக்டர் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. எனக்கு அது போதும். ஒருக்கா வந்து பார்த்துவிட்டுப் போ.

நீ வரமாட்டாய் என்றும் தெரியும். வந்தால், திரும்பிப் போகக் கொழும்பில் புதிதாய் விசா குத்தவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவன் "அங்கே என்ன செய்கிறாய்" என்று கேட்பான். நீ என்ன சொல்லுவாய்? சும்மா இருக்கிறேன் என்று சொன்னால் பொய். வேலை செய்கிறேன் என்று சொன்னால் விசா இல்லை. பெப்ரவரியில் எழுதினேனே, இரண்டு முனையும் அடைத்த குழாய் என்று. ஒழுகவில்லை, ஆனால் நீ அதற்குள் நிற்கிறாய்.

இன்னொன்று. அப்பா கமராவில் ஒட்டின பிளாஸ்ரரைக் கழற்றிப்போட்டார். "நான் அவளைப் பாக்கிறன், அவளும் என்னைப் பாக்கட்டுமன்" என்றார். திரும்ப ஒட்டினேன். திரும்பக் கழற்றினார். இனி நான் ஒட்டப்போவதில்லை. கம்பனி மீட்டிங்கில் தவறுதலாய்க் கமராவைப் போட்டுவிடாதே, சாரத்தோடு ஒரு மனுசன் முன்னால் இருப்பார்.

சுபாஸ்


ரெக்சாஸ்
செப்ரெம்பர் 15

சுபாஸ்,

அப்பா செத்து ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் உன்னோடு இதற்குச் சண்டை பிடிக்கவேண்டியிருக்கிறது. போனை எடுத்தாய், நான் கேட்கத் தொடங்கினவுடன் வைத்துவிட்டாய். நான் திரும்ப அழைத்தால் அடிக்கிறது, ஒருவரும் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

மரண அறிவித்தலைப் பார்த்தேன். அப்பாவின் படம் நல்ல படம். அதற்குக் கீழே, "றஜனி (அமெரிக்கா), சுபாஸ் (குருநகர்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்."

யார் போடச் சொன்னது? சித்தப்பாவா? சொந்தத்தில் அமெரிக்காவில் ஒருத்தி இருக்கிறாள் என்று ஊருக்குக் காட்ட அவருக்கு வேறு நாள் கிடைக்கவில்லையா? பேஸ்புக் முழுக்க அது திரிகிறது. சிவதர்ஷன் பார்ப்பான், கோபிகா பார்ப்பா. அப்பாவின் செய்தியையே நான் கம்பனிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கு வருவார்கள், நான் அங்கே இல்லை.

குருநகர் என்று போட்டிருந்தால் என்ன? ஒன்றும் போடாமல் விட்டிருந்தால் என்ன? ஒரு சொல். அதைக்கூட எனக்காகச் செய்ய உங்களால் முடியாமல் போய்விட்டது.

நாளைக்கு நேரலையில் பார்ப்பேன். அம்மாவை வெறும் வயிற்றோடு இருக்க விடாதே.

றஜனி


குருநகர்
செப்ரெம்பர் 18

அக்கா,

எல்லாம் முடிந்தது. திருப்பலி, சேமக்காலையில் அடக்கம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, வாடகைக் கதிரை திருப்பிக் கொடுத்தது, எல்லாம். இப்போதுதான் இருந்து எழுத நேரம் கிடைத்தது.

சித்தப்பாவைப் பேசாதே. அறிவித்தலுக்கு விபரம் சொன்னது நான்தான். அறிவித்தல் போடுகிற பொடியன் போனில் ஒவ்வொரு பெயராகக் கேட்டான். "மகள் றஜனி, அவா எங்க?" அமெரிக்கா என்றேன். யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

குருநகர் என்று போட்டிருக்கலாம் என்கிறாய். போட்டிருந்தால்? குருநகரில் இருக்கிற மகள் தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் அம்மாவின் காதில் அதைக் கேட்டிருப்பார்கள். அம்மா என்ன சொல்லுவா? ஒன்றும் போடாமல் விடச் சொல்கிறாய். எங்கள் ஊர் அறிவித்தலில் நாடோ ஊரோ போடாத பெயர் ஒன்று காட்டு பார்ப்போம். காலஞ்சென்றவர்களுக்கு மட்டும்தான் போடுவதில்லை.

நீ பயந்ததுபோலவே அவர்கள் வந்தார்கள். சிவதர்ஷனும் கோபிகாவும், ஒரு மலர்வளையத்தோடு. கோபிகா அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தா. அவன் என்னிடம் வந்தான்.

"அக்கா உள்ளுக்கையோ?"

"அறிவித்தல் வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான் அண்ணை. பிழையாப் போட்டிட்டினம் எண்டு நினைச்சன். வெள்ளிக்கிழமையும் மீட்டிங்கிலை கதைச்சவா."

"பிழையில்லை" என்றேன்.

அவன் பெட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கை கழுவ வேண்டும் என்றான். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் எட்டிப்பார்த்தேன், எஞ்சின் அறையில் நிற்கிறான். வெளியே வந்து, "வாறன் அண்ணை" என்றுவிட்டுப் போய்விட்டான். பிறகு போய்ப் பார்த்தால், லப்டொப் இருந்த பக்கமாய் இல்லை. தொட்டிருக்கிறான். படம் எடுத்திருப்பான். உன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொள்.

ஆனால் என் கோபம் அவனோடு இல்லை. பெட்டி ஹோலில் இருக்கிறது. பக்கத்து அறையில் ஒரு ஆளும் இல்லை, அம்புக்குறி அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்குமா வேலை அக்கா? எழும்பி அந்தக் கதவைச் சாத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து, "விடு, அவள் நிக்கட்டும்" என்றா. அதனால் விட்டேன். எனக்காக இல்லை.

சுபாஸ்


ரெக்சாஸ்
செப்ரெம்பர் 24

தம்பி,

அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை.

நேரலைக்காரன் முழு நேரமும் சாமியாரையும் சித்தப்பாவையும்தான் காட்டிக்கொண்டிருந்தான். அப்பாவின் முகம் வந்தால் உடனே பூவுக்குப் போய்விடுவான். அதனால் லப்டொப்புக்குள் வந்து கமராவைப் போட்டேன். யூலையிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அப்பாவைப் பார்த்து வந்தேன். மீட்டிங் முடிந்தபிறகு, ஒரு ஓரத்தில், சின்னதாக. கதிரையில் இருப்பார். சில நாள் நித்திரை. உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் பாதுகாப்பு பற்றி ஒரு பக்கம் எழுதுவாய்.

அன்றைக்குப் போட்டால் சுவரும் எஞ்சினும்தான் தெரிந்தது. கதிரையைக்கூட ஹோலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கதவுப் பக்கம் திருப்பினால் பெட்டி தெரியும் என்று விளங்கியது. யாரிடம் கேட்பது? நீ போனை எடுக்கமாட்டாய். அம்மாவிடம் கேட்கமுடியாது. சும்மா அம்புக்குறியை ஓட்டிக்கொண்டிருந்தேன், யாராவது பார்க்கட்டும் என்று.

சிவதர்ஷன் பார்த்தான். உள்ளே வந்து திரையைப் பார்த்தான், பிறகு நேராகக் கமராவைப் பார்த்தான். அதில் சின்ன வெளிச்சம் எரியும் என்று அவனுக்குத் தெரியும்தானே. நான் கையை எடுத்துவிட்டேன். அம்புக்குறி நின்றது. அவன் லப்டொப்பைத் தூக்கி, கதவுக்கு நேராகத் திருப்பி, திரையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்துவிட்டுப் போனான்.

பெட்டி முழுக்கத் தெரிந்தது. மூடும்வரைக்கும் பார்த்தேன். நீ தலைமாட்டில் நின்றாய். உன் சேர்ட்டில் மேல் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

அடுத்த நாள் மீட்டிங்கில் ஹென்றிக் எனக்கு அனுதாபம் சொன்னான். கோபிகா மலர்வளையத்துக்காக அவனிடம் சொல்லியிருக்கிறா. பிறகு சிவதர்ஷனிடம் கேட்டான், "நீங்கள் போனபோது றஜனி எப்படி இருந்தாள்?" எப்போதும் முந்திக்கொண்டு கதைக்கிறவன், அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "அவர் தந்தைக்குப் பக்கத்தில் இருந்தார்" என்றான். ஆங்கிலத்தில், வலு மரியாதையாக.

நான் சொன்ன பொய்யை நானே சுமந்துகொண்டு இன்னும் பத்து வருசம் போயிருப்பேன். அதை அவன் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை. வீட்டில் தாய் தகப்பனோடு இருக்கிற பொடியன். அவனுக்கும் அந்த வேலைதான் இருக்கிறது.

மீட்டிங் முடிந்தவுடன் ஹென்றிக்குக்கு எல்லாம் எழுதினேன். எங்கே இருக்கிறேன், எப்போதிருந்து, எப்படி என்று. உன் பெயர் போடவில்லை, சிவதர்ஷன் பெயரும் போடவில்லை. மரியாதையாகப் பதில் வந்தது. வருத்தமாம், ஆனால் சட்டம் சட்டமாம். இந்த மாதக் கடைசியோடு கணக்கை மூடுகிறார்கள்.

இவர் இரண்டு நாளாய்க் கதைக்கவில்லை. "எழுத்திலை ஏன் குடுத்தனீ?" என்று ஒரு தரம் கேட்டார், அவ்வளவுதான். அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நத்தார்ப் பண்டிகைக்கு ஊருக்கு வர யோசிக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவன் கேட்டால், செய்தேன், விட்டுவிட்டேன் என்று சொல்லுவேன். திரும்பிப் போக விடுவானோ தெரியாது. இவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

அக்கா


குருநகர்
ஒக்ரோபர் 4

அக்கா,

லப்டொப்பைக் கொடுத்தாகிவிட்டது. கம்பனி சிவதர்ஷனைத்தான் எடுத்துவரச் சொல்லியிருக்கிறது. உன்னுடைய கோப்புகள் இருந்தால் அழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் இருக்கவில்லை. அம்மா மதிலில் வைத்துப் பதிந்த சத்தம் மட்டும் இருந்தது. றீற்றா மாமியை அழித்தேன்.

சிவதர்ஷனைப் பற்றி நான் எழுதியது பிழை. அதை அவனிடமும் சொன்னேன்.

"என்னெண்டு எழுதினனீங்கள்?"

"படம் எடுத்தனீ எண்டு."

"செத்தவீட்டிலையோ?" என்று கேட்டான். பிறகு, "பறுவாயில்லை அண்ணை, நானெண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்" என்றான். அம்மா தேத்தண்ணி கொடுத்தா. குடித்துவிட்டு லப்டொப்பை முன்னால் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனான். அம்மா கேற்றடி மட்டும் போய் நின்றா.

அறையில் இப்போது ரவுட்டர் மட்டும் இருக்கிறது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அம்மா சமையலை விட்டுவிட்டு ஒருக்கா அந்தப் பக்கம் போய்வருகிறா.

மற்றது, முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலி 14ஆம் திகதி. நன்றி அட்டை அச்சடிக்கவேண்டும். பிள்ளைகளின் பெயர்கள் அதிலும் வரும். இந்த முறை அச்சகத்தில் கேட்டபோது நான் உடனே சொல்லவில்லை. அம்மாவைக் கேட்டேன். உனக்குக் குருநகர் என்று போடட்டாம்.

"அம்மா, அவள் அங்கையெல்லோ இருக்கிறாள்?"

"மாசியிலையிருந்து உந்த அறையுக்கைதானே இருந்தவள். கொப்பரைப் பெட்டியிலை கொண்டுபோகேக்கையும் நிண்டவள். நீ பாக்கேல்லையோ?"

எனக்கு வழக்கமாக விடை தெரியும். இதற்குத் தெரியவில்லை. உன்னிடமே கேட்கிறேன். செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லு.

சுபாஸ்


ரெக்சாஸ்
ஒக்ரோபர் 5

தம்பி,

அம்மாவிடம் நான் கதைக்கிறேன்.

அமெரிக்கா என்றே போடு. நான் வராமல் இருந்த இடம் அதுதான்.

அக்கா